தேறிய புரோக்கர்

செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே புரோக்கர் தசரதன் முதல் பொய்யைச் சொல்லிவிட்டார்.

“ஒரகடம் கூட்ரோடு இங்கேர்ந்து அஞ்சே நிமிஷம்மா. வூட்டக் கொத்திக்கினு போயிடுவாங்க.”

மாசானம் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் தினமும் அவன் ஒரு தூக்கம் போட்டு எழுகிற தூரம் அது. இசக்கிசெல்வி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், “உள்ள வாங்கண்ணாச்சி” என்றாள்.

பொழுது சாய்ந்து ஹால் இருட்டிக் கிடந்தது. லைட் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் சுவரெல்லாம் தடவித்தான் அதைக் கண்டுபிடிப்பார்கள். தசரதன் பேச்சை நிறுத்தாமலே கையை விட்டு லைட்டைப் போட்டார். வீடு வீடாக ஏறி இறங்கும் தொழில், கை பழகியிருக்கும் என்று மாசானம் நினைத்துக்கொண்டான்.

ஐப்பசிக்குள் வீட்டை விற்றாக வேண்டும். மஸ்கட்டில் வெல்டராக வெந்து அவன் அனுப்பிய சம்பாத்தியம் முழுக்க இந்தப் பிள்ளைப்பாக்கத்து வீட்டில்தான் முடங்கிக் கிடந்தது. தப்பான ஆள் கையில் சிக்கினால் வெறுங்கையோடு திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அந்தப் பயத்தில் அவனுக்குக் கொஞ்ச நாளாகச் சோறே இறங்கவில்லை.

செல்விக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. ‘டுபாக்கூர் புரோக்கரைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்தும் வீடியோவை அடுப்படியில் ஓடவிட்டு, சாம்பார் கொதிக்கிற நேரத்தில் மனப்பாடமே செய்துவிட்டாள்.

“பத்திரம் பாக்குதீயளா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் இன்னாத்துக்கும்மா? உங்க மூஞ்சப் பாத்தாலே தெரியுதே, நாணயமானவங்கன்னு.”

பத்திரம் கேட்காத புரோக்கரை வாசலோடு அனுப்பச் சொல்லியிருந்தார் வீடியோக்காரர்.

“வாங்குததுக்கு ஆளு இருக்கா?”

“கொரியாக்காரர் ஒருத்தர் துட்டோட ரெடியா கீறாரு. நான் சொன்னா கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போடுவாரு. ஒண்ணே ஒண்ணு, வேற புரோக்கர மட்டும் உள்ள வுட்டுடாதீங்க. இந்த லைன்ல எல்லாம் வாயத் தொறந்தா பொய்யி.”

மாசானத்துக்குச் சிரிப்பு முட்டியது. இருமுவதுபோல் சமாளித்தான். சுடச்சுட நாலு வார்த்தை கேட்டு இந்த ஆளை அனுப்பப் போகிறாள், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

தசரதன் சமையலறைக்குப் போனார். சிமென்ட் மேடை கட்டி அதன்மேல் ஏற்றி வைத்திருந்த ஃப்ரிட்ஜைச் செல்லமாகத் தட்டிவிட்டு, பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“பின்னாடி ஏரி. அப்ப ‘லேக் வியூ’ன்னு போட்டுடலாம். பக்கத்து வூட்ட விட வெல தூக்கிக் குடுக்கும்.”

செல்வி புருஷனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். ஆள் வசமாக மாட்டிக்கொண்டார் என்றுதான் மாசானம் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டான்.

காலையில் வந்துபோன ஜோயல் அல்லவா புரோக்கர். சுவிட்சைத் தேடித் தடவினாலும், பட்டா, பத்திரம், வில்லங்கம் எல்லாம் கேட்டு வாங்கி நிதானமாகப் படித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். “வாங்கறவங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன் சார். வித்துக் குடுத்தப்புறம் கமிஷன் குடுங்க, போதும்” என்றார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் செல்வி ஒரு டம்ளர் தண்ணீரோடு சரி, காபிகூடப் போடவில்லை.

தசரதனுக்குக் காபி வந்தது. கூடவே முறுக்கும் வந்தது. அவர் கடைசி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே போன செல்வி வீட்டின் இன்னொரு சாவியோடு திரும்பி வந்தாள்.

“இந்தாங்கண்ணாச்சி. யார வேணா, எப்ப வேணா கூட்டியாங்க. நீங்களே பேசுங்க, நாங்க வாயத் தொறக்க மாட்டோம். ஐப்பசிக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க.”

இப்படி ஒரு கிராக்கியைத் தசரதனே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அவள் மனம் மாறுவதற்குள் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கைக் கிளப்பினார்.

மாசானம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? வீடியோக்காரன் சொன்ன அத்தன அடையாளமும் இந்தாளுகிட்ட இருக்கு. பொறவு எதுக்குச் சாவியக் குடுத்த?”

“அடையாளம் தெரிஞ்சுதான் குடுத்தேன்.” செல்வி கதவுக்குப் பின்னால் கையை விட்டு லைட்டை அணைத்து, மறுபடியும் போட்டாள். “அவருக்கு என் மொகம் மறந்துபோச்சு, ஆனா அந்தக் கைக்குச் சுவிட்ச் மறக்கல, பாத்தீயளா? ஒங்களுக்கு எங்க தெரியும், அப்ப நீங்க மஸ்கட்லல்லா இருந்தீய.”

“என்னத்தத் தெரியும்?”

“மழைக்குக் கட்டில் மெதக்குத இந்த வீட்ட, லேக் வியூன்னு சொல்லி என் தலையில கட்டுனதே அவருதான்.”