மூன்றாவது புகார்

“தண்ணி வேணாம். பால் இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க!”

மதியச் சாப்பாட்டு இரைச்சலைத் தாண்டி அந்தக் குரல் அடுப்படிவரை வந்தது.

காரம் தாங்காதவர்கள்தான் இங்கே பால் கேட்பார்கள். தண்ணீர் குடித்தால் எரிச்சல் வாய் முழுக்கப் பரவும், பால்தான் அடக்கும் என்று முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லிவைத்தது நான்தான். அதற்கென்றே காய்ச்சி ஆறவைத்த பால் எப்போதும் ஃபிரிட்ஜில் இருக்கும்.

இந்தத் தொழிற்சாலையின் கேன்டீனை நான் எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. எனக்கு முந்தைய ஆள் போட்டது ஆஸ்பத்திரிச் சாப்பாடு. நான் வந்துதான் குழம்புக்கு உயிர் வந்தது என்று பலர் சொன்னார்கள். ஆனால் இரண்டு பேர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாலுக்கு ஓடிவந்தார்கள். இரண்டும் புகார் நோட்டில் ஏறிவிட்டன. மூன்றாவது ஏறினால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சாப்பாட்டுக் கமிட்டித் தலைவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

பாலை டம்ளரில் ஊற்றினேன். நினைப்பு அந்த நோட்டில் இல்லை.

கேட்டது அப்பாவின் குரல்.

அப்பா இங்கே இருபத்திரண்டு வருடமாகத் தர ஆய்வாளர். தலைமுடி அளவு கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் தூக்கிக் கடாசிவிடுவார். அதனால் தொழிற்சாலைக்கே அவர் ‘மைக்ரோமீட்டர்’.

நான் அவருடைய மகள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சமையல் படிக்கப் போன நாளிலிருந்து, மூன்று வருடமாக அவர் என்னோடு பேசுவதில்லை. இருப்பதென்னவோ ஒரே வீட்டில்தான். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “அவ சாப்பிட்டாளான்னு கேளு” என்பார் அம்மாவிடம். நான் மட்டும் லேசுப்பட்டவளா? “சாப்பிட்டாச்சுன்னு சொல்லும்மா” என்பேன்.

அப்பா பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால், மகள் பிடித்ததற்கும் மூன்றுதான்.

நான் கேன்டீனுக்கு வந்ததிலிருந்து அவர் வீட்டிலிருந்தே டப்பா கட்டிக்கொண்டு வந்து, மெஷின் பக்கத்திலேயே சாப்பிட்டுவந்தார். இன்றைக்குத்தான் முதல் தடவையாக வரிசையில் நின்றிருக்கிறார். அடுப்படியில் இருந்த நான் கவனிக்கவில்லை.

டம்ளரோடு கடைசி மேசைக்குப் போனேன்.

அப்பாவின் கண் இரண்டும் சிவந்து, கண்ணீர் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. மூக்கு நுனிகூடச் சிவப்பு.

“நல்லாத்தான் சாப்பிட்டுட்டிருந்தாரும்மா,” என்றார் பக்கத்தில் இருந்த லேத்துக்காரர். “நாங்க உன் கைப்பக்குவத்தைத்தான் பேசிட்டிருந்தோம். திடீர்னு இப்படி ஆயிடுச்சு.”

“மைக்ரோமீட்டரையே அழ வெச்சுட்டாங்கப்பா!” என்று யாரோ கத்த, நாலு மேசை சிரித்தது.

அப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமல் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். கண்ணீர் நிற்கவில்லை.

அதற்குள் கமிட்டித் தலைவர் நோட்டோடு வந்துவிட்டார். கறாரான ஆள், ஆனால் அநியாயக்காரர் இல்லை.

“மூணாவது,” என்றார் என்னிடம், கொஞ்சம் வருத்தத்தோடுதான். பேனா மூடியைக் கழற்றினார்.

இன்றைக்கு மிளகாயை என் கையாலேயே அளந்து போட்டேன். அது சரியான காரம் என்று எனக்குத் தெரியும். வேலை போனாலும் தப்பு என்னுடையது என்று சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“எழுதாதீங்க,” என்றார் அப்பா.

“எப்படி எழுதாம இருக்கறது? நீங்களே பால் கேட்டீங்க. கண்ணுல தண்ணி இன்னும் நிக்கல.”

அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடம் மறுபடியும் நனைந்தது. அப்புறம் தட்டைத் தலைவர் பக்கமாகத் தள்ளினார்.

“நீங்களே தொட்டுப் பாருங்க.”

தலைவர் குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நம்ப முடியாமல் இன்னொரு தரம் தொட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். குழம்பு வெளிர் மஞ்சளாக இருந்தது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக, மிளகாய் ஒன்றுகூடப் போடாமல் நான் தனியாக வைக்கிற குழம்பு. வரிசையில் நின்று அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

“இதுல காரமே இல்லையே சார். அப்புறம் எதுக்குப் பால் கேட்டீங்க?”

சிரித்த நாலு மேசைகளும் எங்கள் பக்கம் திரும்பின. அப்பா கைக்குட்டையை மடித்தார்.

“நான் அழுததை எல்லாரும் பார்த்தாங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல,” என்றார். “சமைச்சது என் பொண்ணு.”

தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அப்பா தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னொரு கரண்டி ஊத்தும்மா.”