இரண்டு வேளை எண்ணெய்

செவ்வாய், மார்ச் 11

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மெக்கானிக் அண்ணனின் எண்ணெய்க் குப்பியை, அவரைக் கேட்காமல் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

ஏன் எடுத்தேன் என்பதை முறையாக எழுதுகிறேன். எங்கள் பொத்தான் தொழிற்சாலை வாசலில் முப்பது வருடப் பழைய கார்டு மெஷின் ஒன்று இருக்கிறது. கார்டைச் செருகினால், தன் கடிகார முள் காட்டும் நேரத்தை ‘டக்’கென்று அதில் அச்சடிக்கும். அதற்குப் பதிலாக வாங்கிய, முகம் பார்த்து வருகை பதியும் கருவி மூன்று மாதமாகப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அந்தப் பெட்டிமேல்தான் எல்லோரும் டீ கிளாஸ் வைக்கிறார்கள்.

‘பழசை ஏன் இன்னும் மாற்றவில்லை?’ என்று தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது. பதில் அறிக்கை எழுதும் வேலையை மேலாளர் எனக்குத் தந்தார்.

“ஒழுங்கா எழுதிட்டீன்னா, பயிற்சி முடிஞ்சதும் உனக்கு வேலை நிரந்தரம்மா.”

நோட்டும் பேனாவுமாக ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன்.

“புது மெஷினுக்கு என் மூஞ்சி புடிக்காது பாப்பா. எம் பொண்டாட்டிக்கே புடிக்கல,” என்றார் அச்சுப் பிரிவு அண்ணன்.

“மூஞ்சியெல்லாம் ஒரு சாட்சியா? மை போட்டு அச்சடிச்சாத்தான் சாட்சி. இது பழைய ஆளு, ஏமாத்தாது,” என்றார் பேக்கிங் அக்கா.

இப்படி ஒன்பது காரணங்கள் சேர்ந்தன. எதிர்க்காரணம் ஒன்றே ஒன்று. மதியம் ஒருமுறை, மாலையில் எல்லோரும் போனபின் ஒருமுறை, தினமும் இரண்டு வேளை மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டுமாம். சாவி மெக்கானிக் அண்ணனிடம் மட்டும் இருக்கிறது. திறப்பார், நமக்கு முதுகைக் காட்டி நிற்பார், மூடுவார்.

எண்ணெய் எவ்வளவு செலவாகிறது என்று குறிக்கத்தான் குப்பியை எடுத்தேன்.

“என்னம்மா, குப்பிய மோந்து பாக்குற?” மெக்கானிக் அண்ணன் பின்னால் நின்றிருந்தார்.

“காலியா இருக்குண்ணே.”

“இப்பதான் தீந்துச்சு.”

குப்பியின் மூக்கில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து. மறைத்தால் அறிக்கை பொய், என் வேலைக்கு ஆபத்து. அதோடு, நான் பார்த்துச் சொல்வது எல்லாம் சரியாக இருப்பதும் இல்லை. காலையில் என் கைக்கடிகாரம் ஒன்பது ஐந்து காட்டும்போது கார்டில் எட்டு ஐம்பத்தெட்டு விழுகிறது. மாலை ஐந்தரைக்குக் கார்டு போட்டு, நிறுத்தம்வரை நடந்து, அந்த ஐந்தரை பஸ்ஸையே பிடித்து ஆறு மணி வகுப்புக்குப் போய்விடுகிறேன். கடிகாரம் கோளாறு, பஸ்ஸும் தினமும் தாமதம் போலிருக்கிறது.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

“சார், மெக்கானிக் அண்ணன் எண்ணெயே போடறதில்ல. குப்பி எப்பவோ காலி.”

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். “வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல சார்.”

அறிக்கையை வாங்கி, எண்ணெய் பற்றிய வரியை மட்டும் அடித்தார். “ஒன்பது காரணமும் பிரமாதம். உனக்கு வேலை நிரந்தரம், போ.”

“அப்ப மெக்கானிக் அண்ணன்?”

“அவரு நாளைக்கு லீவு.” மேலாளர் மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். “மதிய எண்ணெய நீ போட்டுடு. சாயந்திரத்த நான் பாத்துக்கறேன்.”

“குப்பிதான் காலியாச்சே சார்!”

“தெரியும்மா. முள்ளைப் பதினாலு நிமிஷம் முன்னால தள்ளு, போதும். இல்லன்னா உன் அஞ்சரை பஸ் போயிடும்.”

நாளை: மதியம் ஒரு மணிக்கு, மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும்.