மாடி வீட்டு மிஷின்

கதவைத் தாழிட்டு, ஜன்னலைச் சாத்தி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்ததை யோகலட்சுமி வெளியே எடுத்தாள். மணி காலை ஆறு. வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டாள்.

ஒளித்து வைத்திருந்தது ஒரு கிடார்.

ஆம்பூர் தோல் கம்பெனி ஆபீசில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு கிளாசிக்கல் கிடார் எதற்கு என்று யாராவது கேட்கலாம். ஆசை, அவ்வளவுதான். பெங்களூர் மாஸ்டர் ஒருவரிடம் போனிலேயே இரண்டு வருடமாகக் கற்றுக்கொள்கிறாள்.

அடுத்த மாதம் அங்கே மாணவர் கச்சேரி. வாழ்க்கையில் முதல் மேடை. அவளுக்கு வைத்திருக்கும் பாட்டு முழுக்க ட்ரெமலோ. கட்டை விரல் தடித்த தந்தியில் ஒரு தட்டு தட்ட, மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையாக மூன்றும் நகத்தால் மெல்லிய தந்தியை மீட்ட வேண்டும். வேகம் பிடித்துவிட்டால் எல்லாம் சேர்ந்து அறுபடாத ஒரே இழையாகக் கேட்கும். மற்றவர்களுக்கு. அவளுக்கு மூன்று வாரமாக நொண்டியது.

"நாலுல ஏதோ ஒண்ணு சரியா விழல மேடம். போன்ல எதுன்னு பிடிபடல" என்றார் மாஸ்டர். பத்தாம் தேதிக்குள் சரியாகாவிட்டால் இந்த முறை மேடை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் இதற்காகவே வலது கையில் மட்டும் நகம் வளர்த்திருந்தாள். வலது கை கல்யாணப் பெண், இடது கை பாத்திரம் தேய்க்கிறவள் என்று ஆபீஸ் பெண்கள் கிண்டல் செய்வார்கள். போன மாதம் சாம்பிள் அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு நகம் கொஞ்சம் உடைந்தது. ராவிச் சரிசெய்துவிட்டு அதை மறந்தே போனாள்.

அவளுடைய கவலை நகமல்ல, சத்தம். வீட்டுக்காரம்மா சவுரியம்மாளுக்கு சத்தம் என்றாலே ஆகாது. டிவியைக் கூட்டி வைத்ததற்கே ஒரு குடும்பத்தைக் காலி செய்ய வைத்த மகராசி. அதற்கு முன்னால் இருந்தவர்கள் ஷூ மேல்பாகம் தைக்கும் மிஷினை மாடியில் போட்டு, கீழே காரை பெயர்ந்த கதையை இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்போது புதிதாகக் கீழ்வீட்டு சமீருல்லா வேறு. ஷூ கம்பெனியில் வேலை. குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தினமும் ஏழு மணிக்கு பைக்கை எடுக்க வருவார். மூடிய ஜன்னலைத் தாண்டி அவருக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். ஆனாலும் பைக்கை எடுக்காமல் தலையைச் சாய்த்து மாடியையே பார்த்தபடி இரண்டு நிமிடம் நிற்பார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்புவார். ஜன்னல் இடுக்கு வழியாக இதைப் பார்த்த யோகலட்சுமி சத்தத்தைக் குறைக்க வழி தேடினாள்.

கம்பெனியிலிருந்து ஒரு துண்டு லைனிங் தோலைக் கொண்டுவந்து தந்திகளுக்கு அடியில் செருகினாள். கிடாரின் இனிமை போய், வெறும் டக்டக்டக்டக் மட்டும் மிஞ்சியது. ஆனால் சத்தம் பாதியாகக் குறைந்ததில் அவளுக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்தி நாலு நாள்கூட நிலைக்கவில்லை.

"மேல இன்னாமா மிஷின் ஓட்டற?" என்று சவுரியம்மாள் படியிலேயே மறித்தார். "கீழ பாய் கேக்கறாரு, அது எந்த கம்பெனி மிஷின்னு."

மிஷின் எதுவும் இல்லை என்று யோகலட்சுமி சத்தியம் செய்யாத குறை. தெருவில் பாதி வீட்டில் ஷூ தைக்கிறார்கள், சவுரியம்மாள் நம்புவாரா? ஞாயிற்றுக்கிழமை பாயே நேரில் வந்து பார்க்கட்டும், மிஷினோ மத்தளமோ, சத்தம் போடுவது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

கிடார் போனால் கச்சேரியும் போச்சு. சனிக்கிழமை முழுக்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் ஞாயிறு காலை, கடைசி முறையாக இருக்கட்டும் என்று அரை மணி நேரம் வாசித்தாள். அப்போதும் நொண்டியது.

கதவு தட்டப்பட்டது. ஒரு கையில் கனமான பையோடு சமீருல்லா நின்றார். கீழ்ப்படியில் சவுரியம்மாள் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்.

சமீருல்லா வாயைத் திறப்பதற்குள் யோகலட்சுமி முந்திக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க பாய். இன்னையோட நிறுத்திடறேன்."

"நிறுத்தறதா? இன்னாத்துக்குக்கா?" சமீருல்லா பையைக் கீழே வைத்துத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய்க் குப்பி, சின்னச் சின்ன ஊசிப் பாக்கெட்டுகள். "கம்பெனில இருநூறு தையல் மிஷினுக்கு நான்தான் மெக்கானிக். நீங்க ஓட்டறத காதுல வாங்கிட்டு சும்மா போக முடியல, பேஜாரா இருக்கு. நாலு தையல்ல மூணாவது மட்டும் விட்டு விட்டு விழுது."

யோகலட்சுமி தன் வலது கையைப் பார்த்தாள். கட்டை விரல் ஒன்று. மோதிர விரல் இரண்டு. மூன்றாவது, நடு விரல். அட்டைப் பெட்டியில் உடைந்த நகம் மற்ற நகங்களைவிடக் குட்டையாக, முனை மொண்ணையாக இருந்தது.

சமீருல்லா ஒரு பாக்கெட்டைப் பிரித்தார்.

"ஊசி மொனை மழுங்கியிருக்கும்க்கா, அத சரி பண்ணா போதும்."