எழுப்ப வேண்டாம்

“மாமாவை எழுப்பிச் சொல்லிடலாமா?” என்றாள் மனைவி.

“வேணாம். ஹார்ட் ஆபரேஷன் பண்ண உடம்பு. சின்னவனை இப்படிப் பாத்தா அப்பா தாங்க மாட்டார். நல்லவேளை, அசந்து தூங்குறார்.”

நாய்க்கு ‘சின்னவன்’ என்று பெயர் வைத்தவரே அப்பாதான். பெற்ற பிள்ளையான இவன் பெரியவன். வீட்டில் முதல் விசாரிப்பு எப்போதும் சின்னவனுக்குத்தான்.

துவண்டு கிடந்த சின்னவனைப் போர்வையில் சுருட்டித் தூக்கினான். மலைக்குளிர் அப்பாவுக்கு ஆகாதே என்று அறைக்கதவைச் சத்தமில்லாமல் இறுக்கிச் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். இருவரும் போன இரண்டு கால்நடை ஆஸ்பத்திரிகளில் பூட்டு தொங்கியது. மூன்றாவதில் இருந்த டாக்டரம்மா சட்டென்று ஆக்சிஜன் வைத்தார். கொஞ்ச நேரத்தில் சின்னவன் கண் திறந்தான்.

பெரியவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “எதையோ தின்னுட்டான் போல. அப்பா எந்திரிக்கிறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடலாமா டாக்டர்?”

டாக்டரம்மா நாயின் ஈறுகளை மறுபடி பார்த்தார்.

“தின்னது எதுவும் இல்ல. ஈறு செக்கச்செவேல்னு இருக்கு, கரிப்புகை ஏறியிருக்கு. மூடின ரூம்ல கரி மூட்டிக் கணப்புச் சட்டி வச்சீங்களா?”

“ஆமா, குளிருக்கு...”

“இது எங்க படுத்திருந்துச்சு?”

“அப்பா கட்டிலுக்கு அடியில...” என்றவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் அதற்குள் வீட்டுக்குப் போன் அடித்திருந்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிற அப்பாவுக்கு, மணி போய்க்கொண்டே இருந்தது.

மேசைமேல் சின்னவன் மெல்லத் தலையைத் தூக்கி, அப்பாவைத் தேடினான்.