கிராமபோன் இங்கிலீஷ்

"நேம்?" என்றார் துரை, தலையைத் தூக்காமலே. வெயிலில் கன்றிப்போன முகம், வாயில் சுருட்டு. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது என்று ரயில் ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

"ஹென்றி, சார்," என்றான் லூர்து. இரவல் தொப்பி கையில் சுற்றிக்கொண்டே இருந்தது. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ராயபுரத்தில் ரயில் கார்டு வேலை என்றால் சட்டைக்காரர்கள் என்கிற ஆங்கிலோ இந்தியர்களுக்குத்தான். வெள்ளைக்காரப் பாட்டன் ஒருத்தனாவது இருக்க வேண்டும். தமிழன் என்று தெரிந்தால் இந்த வேலை கிடைக்காதது மட்டுமில்லை, இப்போது செய்யும் கரி அள்ளுகிற வேலையும் போய்விடும். ஆறு வருஷம் அந்தப் பாழாய்ப்போன கரியில் இருமியது போதாதா அவனுக்கு?

பள்ளிக்கூட இங்கிலீஷ் பேசினால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கிராமபோன் ரிப்பேர் பார்க்கும் பக்ருதீன் கடையில் உட்கார்ந்து, கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன பிளேட்டுகளைப் போட்டுப் போட்டே பேசக் கற்றுக்கொண்டான்.

"இன்னாடா, 'ஐ டோன்ட் வான்ட் நத்திங்'னு பாட்றான்? எங்க வாத்தியார் கேட்டா தோலை உரிச்சிடுவாரு," என்று முதல் நாளே கேட்டான் லூர்து.

"சட்டைக்காரன் வூட்டாண்ட போயி கேளு மாமு. அல்லாரும் இப்பிடித்தான் பேசிகினு கீறானுங்க. நீ கிராமர் பேசுனா காலி," என்றான் பக்ருதீன்.

துரை அடுத்த கேள்வி கேட்டார். குடிப்பழக்கம் உண்டா?

"ஐ டோன்ட் டச் நோ டிரிங்க், சார்." ராகத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னான்.

டீ கொண்டுவந்த பியூன் மண்ணாங்கட்டி அவனை மேலும் கீழும் பார்த்தான். "இந்த மூஞ்சிக்கு தொப்பி ஒண்ணுதான் கேடு," என்று முணுமுணுத்தான்.

துரையின் உதட்டில் சுருட்டு லேசாக ஆடியது. லூர்து ஒன்றும் புரியாதவன் மாதிரி சுவரைப் பார்த்தான்.

"மதர்?"

அம்மா சிலுவையம்மாள் இந்நேரம் காசிமேட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்து கூவிக்கொண்டிருப்பாள். காலையில்தான் அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். அவளைக் காட்டினால் எல்லாம் கெட்டது.

"மை மம்மா ஏன்ட் லிவிங் நோ மோர், சார்." சொல்லி முடித்ததும் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

துரை பேனாவைக் கீழே வைத்தார். பியூனை வெளியே அனுப்பிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மாட்டிக்கொண்டோம் என்று லூர்துவுக்கு வேர்த்துக் கொட்டியது.

திரும்பி வந்தவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். திங்கட்கிழமை முதல் கார்டு வேலை. லூர்து வாங்கப் போனான். துரை பிடியை விடவில்லை. மேசைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"எங்கம்மாவும் உசுரோடதான் கீது, நைனா."