சூடாக்கிக் கொடுக்கவும்

ராஜினி மாமியின் பிரிட்ஜ் கதவில், முத்து முத்தான எழுத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது.

'லில்லிக்குப் பிரிட்ஜில் இருந்து எடுத்த சாப்பாட்டை அப்படியே வைக்கக் கூடாது. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, சூடாக்கிக் கொடுக்கவும். விரலால் தொட்டுப் பார்க்கவும்.'

லில்லி என்பது மாமியின் வெள்ளைப் பூனை. மகளின் பிரசவத்துக்காக மாமி ஆறு மாதம் நோர்வே போகிறார். திரும்பி வரும்வரை அவரது கிளிநொச்சி வீட்டில் தங்கி லில்லியைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் அண்ணன் மகன் ரூபனுக்குக் கிடைத்தது.

"நான் வரேக்கை லில்லி சுகமா இருந்தா றோட்டுக்கரைக் காணி உனக்கு. இல்லாட்டி வினோஜாவுக்கு எழுதிப்போடுவன்," என்றார் மாமி. வினோஜா அவரது தங்கையின் மகள்.

"லில்லி எனக்குப் பிள்ளை மாதிரி மாமி," என்றான் ரூபன். கண்டாவளையில் இருக்கும் பெற்ற தாய்க்கு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து அறியாதவன் அவன். அலுமாரி நிறைய அடுக்கியிருந்த பூனைச் சாப்பாட்டு ரின்களைப் பயபக்தியோடு பார்த்துத் தலையாட்டினான்.

மாமி ஏறிய வான் புறப்பட்டது. கை காட்டிய களிப்பில் ரூபன் கேற்றைச் சாத்த மறந்துவிட்டான். லில்லி ஏ-9 வீதிக்கு ஓடியது. மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று வந்தது. டிப்பர்காரனுக்குக் காணி விவகாரம் எதுவும் தெரியாததால் அவன் நிற்காமலே போய்விட்டான்.

ரூபன் கையால் ஒரு வாய் தின்னாமலே லில்லி போய்ச் சேர்ந்தது. பின்வளவுத் தேசிமரத்தடியில் அதைப் புதைத்துவிட்டு ரூபன் விம்மி விம்மி அழுதான். காணி போன துயரம் சும்மாவா?

மூன்றாம் நாள் ஆனையிறவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கடவுள் கண் திறந்தார். மீன்தலைக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைப் பூனை. அதே பருமன், அதே மஞ்சள் கண். ரூபன் அதை உரப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான்.

மாமிக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஒப்பரேசனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். போனில் வெள்ளையாக ஏதாவது அசைந்தால் போதும், "என்ரை லில்லி!" என்று உருகிவிடுவார். ஆகவே முகம் பிரச்சினை இல்லை. வாய்தான் பிரச்சினை.

புதுப் பூனைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. பிரிட்ஜில் இருந்து எடுத்த ரின்னை அப்படியே வழித்து நக்கிவிட்டு, மூடியையும் நக்கிவிட்டு, ரூபன் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துத் தொங்கியது. பத்து நிமிடச் சூட்டில் வளர்ந்த சீமாட்டி இப்படியா தின்பாள்? மாமி வந்து ஒருமுறை குளிர்ச் சாப்பாட்டை வைத்தாலே குட்டு உடைந்துவிடும்.

ரூபன் பயிற்சியைத் தொடங்கினான். குளிர்ந்த சாப்பாட்டில் வாய் வைத்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பு. சூடாக்கியதில் வாய் வைத்தால் தடவலும் கொஞ்சலும். முதல் நாள் மிஞ்சிய பிட்டைத் தான் குளிரக் குளிர விழுங்கிக்கொண்டு, பூனைக்குச் சுடுதண்ணீர் வைத்தான்.

"விரலால தொட்டுப் பாத்தனியோ?" என்று மாமி தினமும் போனில் கேட்பார்.

"ஓம் மாமி, ரெண்டு தரம்."

நாலாம் மாதம் பூனை குளிர்ச் சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பியது. ஐந்தாம் மாதம் சுடுதண்ணீர்க் கேத்திலின் சத்தம் கேட்டால் வந்து உட்காரத் தொடங்கியது. ஆறாம் மாதம், சூடு கொஞ்சம் குறைந்தாலும் ரூபனை வேலைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமி வந்து இறங்கினார். காணி உறுதி எழுத நாலு மணிக்கு நொத்தாரிசு வருவதாக ஏற்பாடு. பூனையைத் தூக்கி மடியில் வைத்துத் தடவினார்.

"மெலிஞ்சு போனாளடா."

"உங்களை நினைச்சு ஏங்கித்தான் மாமி."

மாமி எழுந்து குசினிக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தார். முதல் நாள் திறந்த ரின்னில் மிச்சம் இருந்ததைக் கரண்டியால் வழித்துத் தட்டில் போட்டு, அப்படியே நிலத்தில் வைத்தார்.

ரூபனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இந்த ஒரு பரீட்சைக்காகத்தானே ஆறு மாதம் பாடுபட்டான்!

"மாமி, சூடாக்கேல்லையே?"

"பொறு, பாப்பம்."

பூனை வந்து மணந்து பார்த்தது. முகத்தைச் சுளித்தது. தட்டைத் தாண்டிப் போய்க் கேத்திலுக்குக் கீழே உட்கார்ந்து, ரூபனை அண்ணாந்து பார்த்தது.

"பாத்தீங்களே மாமி! குளிரெண்டா கிட்டவும் போகமாட்டாள். எல்லாம் உங்கட வளர்ப்பு!"

மாமி போனை எடுத்து நொத்தாரிசைக் கூப்பிட்டார். "ஐயா, நாலு மணிக்கு வாங்கோ. பேரை மட்டும் வினோஜா எண்டு மாத்துங்கோ."

ரூபன் ஓடிவந்து முன்னால் நின்றான். "ஏன் மாமி?"

"லில்லியை எங்கையடா தாட்டனீ?"

அவனைக் கேளாமலே அவன் கண் தேசிமரத்துக்குப் போனது. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிருக டொக்டர் சொன்னதை உனக்கு எழுதி ஒட்டினனானே தவிர நானெங்கை ஒருநாளாவது சூடாக்கினனான், என்ரை லில்லி பத்து வருசமா பிரிட்ஜ் திறந்த உடனே தலையை உள்ளை விட்டுக் குளிரக் குளிரத் திண்டவளடா!"