வெள்ளிக்கிழமைச் சட்டி

தம்பியைக் கொன்றதாகக் கூண்டில் நிற்பவளைக் காப்பாற்றத்தான் யோகராணி வந்திருந்தாள். சேலைக்கு மேல் பனிக்கால ஜாக்கெட், காலில் ஈரம் சொட்டும் பூட்ஸ். தன் ஊரான கோட்-டெ-நெய்ஜில் ஒரு வழக்கறிஞரின் அறையில், திரைக்கு முன்னால் அவளை உட்கார வைத்திருந்தார்கள். வெளியே இருட்டிவிட்டது. திரைக்குள் மெல்பேர்ன் நீதிமன்றத்தில் அப்போதுதான் காலை.

கூண்டில் நின்றவள் நிருஷா, தம்பி றொசானின் மனைவி. வீட்டு வளவில் நின்ற நச்சு இலையைக் கீரையென்று நினைத்துச் சமைத்துவிட்டேன் என்கிறாள். தெரியாமல் செய்தாளா, கொல்லவென்றே செய்தாளா? வழக்கு முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

சொந்தபந்தமெல்லாம் நிருஷாவைக் கரித்துக் கொட்டியது. யோகராணிக்கோ கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தம்பி போன நாளிலிருந்து நெஞ்சு மரத்துக் கிடந்தது. அவன் பெற்ற குழந்தை தாயையும் இழந்துவிடக் கூடாது. அந்த ஒரு நினைப்பு மட்டும் மிச்சம்.

"அவளுக்கு என்ர தம்பியெண்டால் உயிர்," என்றாள் யோகராணி. "நான் அங்கை நிண்ட மூண்டு மாசமும் என்னையும் எப்பிடித் தாங்கினவள்! வெள்ளியிலை நான் மீன் மச்சம் தொடமாட்டன். எனக்கெண்டு வேற சட்டி வைச்சுச் சமைப்பாள். 'எப்ப பயணம் மச்சாள்?' எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பாள். பிரிய மனமில்லை, பாவம். தம்பிதான் 'அக்கா இனி இஞ்சைதான்' எண்டு அவளின்ர வாயை அடைச்சவன்."

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளரின் குரல் தமிழில் வந்தது.

"அந்தக் கீரையை நிருஷா வாயிலையும் வைக்கேல்லை. புருஷனுக்கு மட்டும் குடுத்திருக்கிறா. ஏன்?"

இந்தக் கேள்விக்காகத்தானே இவ்வளவு நாளும் காத்திருந்தாள்!

"அவள் குடுக்கேல்லை ஐயா! அவனுக்கு மீன்குழம்பு வைச்சிட்டு வேலைக்குப் போனவள். அண்டைக்கு வெள்ளிக்கிழமை, நான் கோயிலிலையே சாப்பிட்டிட்டு வந்திட்டன். கீரை வீணாப் போகுதெண்டு அவன்தான் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டவன். அவன் அதைத் தொடுவான் எண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்? கொல்ல நினைச்சவள் அப்பிடியே செய்வாள்?"

நிருஷாவின் வழக்கறிஞர் பேனாவை மெல்ல மேசையில் வைத்தார். இதுவரை குனிந்தே இருந்த நிருஷா தலையை நிமிர்த்தி, திரை வழியாக அவளையே பார்த்தாள்.

"அப்ப அந்தக் கீரை ஆருக்கெண்டு வைச்சது, அம்மா?" என்று கேட்டது மொழிபெயர்ப்பாளரின் குரல்.

யோகராணி வாயைத் திறந்தாள். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காத மாதிரிச் சொன்னாள்.

"எனக்கு."